செய்தி கரை சேர வேண்டும்



'கடல்கோள்' என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது. தமிழ் இலக்கிய வரலாறு படிக்கும் மாணவர் அனைவரும் அறிந்த செய்தி அது. ஆயினும், 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வங்கக் கடல் கரையேறி வந்தபோது, அந்தச் சொல் நம் மக்களுக்கு உதவவில்லை. கடல் உள்வாங்கிய இடங்களில், அந்தப் புதுமையைக் காணக் கரைக்குச் சென்றவர்களும் உண்டு. அடுத்து வருவது யாது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

இதனைக் கேட்கும் நீங்கள், அன்று அந்த ஆபத்தை அறிந்தவரே உலகில் இல்லை போலும் என்று எண்ணக்கூடும். அறிந்தவர் இருந்தனர். அவர்கள் அறிந்த செய்தி, அதனை அறிய வேண்டியவரிடம் வந்து சேரவில்லை. அவ்வளவே. ஆனால் அந்த 'அவ்வளவே' என்பதற்குள் எத்தனை ஆயிரம் உயிர்கள் அடங்கிக் கிடக்கின்றன! ஒரே கடலைச் சூழ்ந்து பல நாடுகள் வாழ்கின்றன. ஆபத்துக் காலத்தில் ஓர் அரசு மற்றோர் அரசுக்கும், ஒவ்வோர் அரசும் தன் மக்களுக்கும் செய்தி சொல்வது எங்ஙனம்? இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

முதலில் அன்றைய காலைப் பொழுதை நேர வரிசையில் பார்ப்போம். இந்திய நேரப்படி 6 மணி 29 நிமிட அளவில், சுமத்ராத் தீவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் நிலம் முறிந்தது. அந்த முறிவு வடக்கே அந்தமான் தீவுகளை நோக்கி ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு ஓடிற்று. கடலின் அடித்தளம் மேலெழவே, அதன்மீது நின்ற நீர் முழுவதும் உந்தப்பட்டது. இவ்வாறு பிறக்கும் அலை, ஆழ்கடலில் மணிக்கு 700 அல்லது 800 கிலோமீட்டர் வேகத்தில், ஏறத்தாழ ஆகாய விமானத்தைப் போல விரையும். ஆனால் அங்கே அதன் உயரம் மிகக் குறைவு. கப்பலில் இருப்பவன் அதனை உணரவும் மாட்டான். கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய, வேகம் தளர்ந்து உயரம் வளரும்.

இந்த அலை அச்சே கரையை அரைமணி நேரத்திற்குள் அடைந்தது. இலங்கையின் கிழக்குக் கரையையும் நம் நாகப்பட்டினத்தையும் அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அல்லது அதற்குச் சற்று மேலாயிற்று. ஆப்பிரிக்காவின் சோமாலியாவை அடைய ஏழு மணி நேரம் ஆயிற்று. 14 நாடுகளில் 2 லட்சத்து 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர். தமிழகத்தில் ஏறத்தாழ 8 ஆயிரம் பேர். அவர்களுள் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

இரண்டு மணி நேரம் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே செல்லக் கால்மணி நேரம் போதும். முதியவரைத் தோளில் தாங்கி, குழந்தையை இடுப்பில் சுமந்து மெல்ல நடந்தாலும் அரைமணி நேரம் போதும். நம் கரையில் வாழ்ந்தவர்களுக்கு இயற்கை அதைப்போல் நான்கு மடங்கு நேரத்தைக் கொடுத்திருந்தது.

அந்த நேரத்தில் செய்தி எங்கே இருந்தது? ஹவாய்த் தீவில் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் ஒன்று உண்டு. 1946-ஆம் ஆண்டு அலூஷியன் தீவுகளருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த அலை, ஹவாயில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அத்துயரத்தின் பயனாக 1949-இல் அம்மையம் தோன்றிற்று. 1960-ஆம் ஆண்டுச் சிலி நாட்டு நிலநடுக்கத்தின் அலை பசிபிக் மாக்கடலைக் கடந்து ஜப்பானிலும் உயிர்களைக் குடித்தது. அதன் பின்னர், 1965-இல், பசிபிக் நாடுகள் யுனெஸ்கோவின் கீழ் ஒன்றுகூடித் தமக்குள் செய்தி பரிமாறும் ஏற்பாட்டைச் செய்துகொண்டன. 2004-இல் சுமத்ரா அதிர்ந்த 15 நிமிடங்களுக்குள் இம்மையம் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. ஆனால் அது பசிபிக் நாடுகளுக்கு எழுதப்பட்ட அறிக்கை. இந்துமாக்கடல் நாடுகளில் எந்த அலுவலகத்திற்கு, எந்த அதிகாரிக்கு, எந்தத் தொலைபேசி எண்ணுக்குச் சொல்வது என்ற ஏற்பாடு எதுவும் அம்மையத்திடம் இல்லை.

நம் நாட்டிலும் செய்தி இல்லாமல் இல்லை. கார் நிக்கோபார்த் தீவிலிருந்த விமானப்படைத் தளத்தை அலை தாக்கிய தகவல், நாகப்பட்டினத்தை அலை தொடுவதற்கு முன்பே பெருநிலத்தை எட்டிவிட்டது. தலைநகரிலிருந்து ஒரு துறை அனுப்பிய தொலைநகலோ, அவ்வாண்டு ஆட்சி மாறியிருந்தும் முன்னாள் அமைச்சரின் முகவரிக்குப் போய்ச் சேர்ந்ததாக அந்நாளில் செய்தித்தாள்கள் எழுதின. இவற்றை நாம் எவரையும் பழிப்பதற்காக நினைவுகூரவில்லை. அறிந்தவரிடம் முகவரி இல்லை. முகவரி உடையவரிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் உடையவரிடம் முன்னேற்பாடு இல்லை. எனவே, ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்தபோதிலும் கரையில் நின்றவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இதற்கு மாறான காட்சியையும் அதே நாளிலேயே காணலாம். அலை ஆப்பிரிக்காவை அடைவதற்குள் பல மணி நேரம் கடந்துவிட்டது. ஆசியாவில் நேர்ந்த அழிவை உலகச் செய்தி நிறுவனங்கள் ஒலிபரப்பிக் கொண்டிருந்தன. கென்யாவின் அதிகாரிகள் அதனைக் கேட்டனர். கடற்கரைகளிலிருந்து மக்களை வெளியேற்றினர். அந்நாட்டில் இறந்தவர் ஒருவரே. அண்டை நாடாகிய சோமாலியாவில் ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். அங்கு அப்போது நாடு முழுவதையும் ஆளும் அரசாங்கம் இயங்கவில்லை. சோமாலியாவின் கரை அலையின் பாதைக்கு நேராக அமைந்திருந்ததும் ஒரு காரணமே. ஆயினும், செய்தியைக் கேட்டுச் செயற்படும் அரசு ஒன்று இருப்பதற்கும் இல்லாமைக்கும் உள்ள வேற்றுமையை இவ்விரு நாடுகளும் நமக்குக் காட்டுகின்றன.

அழிவிலிருந்து உலகம் பாடம் கற்றது. 2005-ஆம் ஆண்டு, யுனெஸ்கோவைச் சார்ந்த அரசுகளிடைக் கடலியல் ஆணையத்தின் வழியாக, இந்துமாக்கடல் நாடுகள் ஒரு பொதுவான எச்சரிக்கை அமைப்பை நிறுவ இசைந்தன. இந்தியாவின் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் ஹைதராபாத்தில் தொடங்கிற்று. 2011-ஆம் ஆண்டு முதல் இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்கள், இக்கடலைச் சூழ்ந்த மற்ற நாடுகளுக்கும் எச்சரிக்கைத் தகவல் வழங்கும் பொறுப்பை ஏற்றன.

இவ்வமைப்பு இயங்கும் முறை எளிதில் விளங்கக்கூடியதே. நிலநடுக்கமானிகள் அதிர்வை உணர்ந்து, அது எங்கே, எத்தனை ஆழத்தில், எத்துணை வலிமையோடு நிகழ்ந்தது என்று சில நிமிடங்களில் கூறுகின்றன. ஆழ்கடலின் தரையில் வைக்கப்பட்ட அழுத்தமானிகள், மேலே அலை கடந்து செல்லும்போது நீரின் எடையில் தோன்றும் சிறு மாறுதலையும் உணர்கின்றன. கடல்மேல் மிதக்கும் மிதவை அச்செய்தியைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. கரையோரத்து அலைமானிகள் நீர்மட்டத்தை அளந்தவண்ணம் உள்ளன. எந்த நாட்டின் கருவி அளந்தாலும் அந்த அளவு எல்லாருக்கும் பொதுவாகிறது. ஒரு நாடு தன் கருவியின் கணக்கை மறைத்து வைத்தால், அடுத்த நாட்டின் கரையில் உயிர்கள் போகும். கடலுக்கு எல்லைக்கல் இல்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஹைதராபாத் மையம் இலங்கைக்கோ மாலத்தீவுக்கோ, 'உங்கள் மக்களை வெளியேற்றுங்கள்' என்று ஆணையிடுவதில்லை. 'இன்ன நேரத்தில், இன்ன கரையில், இவ்வளவு அலை எழக்கூடும்' என்று மட்டும் தெரிவிக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் அத்தகவலைப் பெறுவதற்கென்றே இரவும் பகலும் விழித்திருக்கும் அலுவலகம் ஒன்று முன்கூட்டியே குறிக்கப்பட்டுள்ளது. மக்களுக்கு ஆணையிடும் உரிமையும் பொறுப்பும் அந்தந்த நாட்டு அரசுக்கே உரியவை.

இது வெறும் மரியாதைக்காக வகுத்த விதி என்று கருதலாகாது. எந்த ஊரில் ஆற்றின் முகத்துவாரம் உள்ளது, எந்தச் சாலை மேட்டை நோக்கிச் செல்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் மக்களைத் தங்க வைக்கலாம் என்பவை அவ்வூரை ஆள்பவருக்கே தெரியும். மேலும், ஆபத்து நேரத்தில் இரண்டு அரசுகள் இரண்டு விதமாகப் பேசினால், மக்கள் எதை நம்புவர்? நின்று விவாதிப்பர். நின்று விவாதிக்கும் நேரத்தில் அலை வந்துவிடும். எனவே, அளவுகளைப் பலர் சேர்ந்து திரட்டலாம். மக்களிடம் பேசும் குரல் மட்டும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

குரல் ஒன்றாக இருந்தால் மட்டும் போதுமா? அதன் மொழியும் விளங்க வேண்டும். நம் துறைமுகங்களில் புயற்காலத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை நீங்கள் அறிவீர்கள். 'மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்று வானொலி அறிவிக்கிறது. அது கப்பலோட்டிகளுக்காக ஏற்பட்ட குறி. மாலுமிக்கு அதன் பொருள் தெளிவாகத் தெரியும். கரையில் வாழும் குடும்பத் தலைவிக்கு, அந்த எண்ணைக் கேட்டதும் வீட்டைவிட்டு வெளியேறுவதா, வீட்டிலேயே இருப்பதா என்று விளங்குமா? 1960-இல் ஹவாய்த் தீவின் ஹீலோ நகரில் இதுவே நிகழ்ந்தது. அலை வருவதற்கு நான்கு மணி நேரத்திற்கு முன்னரே அபாயச் சங்கு ஒலித்தது. ஆனால் அந்த ஒலியைக் கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. முந்தைய ஆண்டுகளில் வந்த சிறிய அலைகளை நினைந்து சிலர் வீட்டிலேயே தங்கினர். 61 பேர் இறந்தனர். சங்கு தன் கடமையைச் செய்தும் பயனில்லாமற் போயிற்று.

அடுத்து, நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 30-ஆம் நாள், பேரழிவு நேர்ந்து நான்கே நாள் கழிந்த நிலையில், மீண்டும் ஒரு பேரலை வரக்கூடும் என்று நம் நாட்டில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. அதற்குத் தக்க அறிவியல் ஆதாரம் இல்லை என்று பின்னர் அரசே கூறிற்று. ஆனால் அதற்குள் கடற்கரை ஊர்களில் மக்கள் உயிர் தப்ப ஓடினர். துயர் துடைக்கும் பணிகள் தடைப்பட்டன. முதல் நாள் சொல்லாமல் விட்டது ஒரு தவறு என்றால், நான்காம் நாள் ஆராயாமல் சொன்னதும் ஒரு தவறே. மக்களின் நம்பிக்கை வங்கியிலிட்ட பணத்தைப் போன்றது. பொய் எச்சரிக்கை ஒவ்வொன்றும் அதிலிருந்து ஒரு பகுதியைக் கரைத்துவிடும். உண்மையான ஆபத்து வரும் நாளில் கையிருப்பு ஒன்றும் இராது.

2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் இந்தப் புதிய அமைப்புக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. சென்னையிலும் மக்கள் அதிர்வை உணர்ந்து வீதிக்கு வந்தனர். சில நிமிடங்களில் எச்சரிக்கைத் தகவல்கள் நாடுகளுக்குச் சென்றன. கடற்கரைகளிலிருந்து மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். ஆனால் அம்முறை நிலம் மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்தமையால் பேரலை எழவில்லை. கடற்கருவிகள் அதனை உறுதிப்படுத்தவே, சில மணி நேரத்தில் எச்சரிக்கை விலக்கிக் கொள்ளப்பட்டது. எச்சரிப்பதைப் போலவே, ஆபத்து நீங்கியது என்று உரிய நேரத்தில் அறிவிப்பதும் அரசின் கடமையே.

இனி, செய்தியின் கடைசிக் கட்டத்திற்கு வருவோம். ஹைதராபாத்திலிருந்து செய்தி மாநிலத் தலைநகருக்கு வரும். அங்கிருந்து மாவட்ட ஆட்சியருக்கு வரும். அதன்பின் குப்பத்திற்கு வர வேண்டும். அந்தக் கடைசி ஒரு மைல்தான் மிகக் கடினமானது. மின்சாரம் இராது, தொலைபேசி இயங்காது, நடு இரவாகவும் இருக்கலாம்.

புதுச்சேரிக்கு அருகில் நல்லவாடு என்றொரு மீனவர் ஊர் உண்டு. 2004-இல் அங்கே ஓர் அறிவு மையம் இருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஏற்படுத்திய மையம் அது. கடலின் நிலை, மீன் கிடைக்கும் இடம் முதலியவற்றை ஒலிபெருக்கி மூலம் ஊராருக்கு நாள்தோறும் அறிவிப்பது அதன் பணி. பேரலை நாளன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவ்வூரார் ஒருவர் செய்தி கேட்டுத் தம் வீட்டிற்குத் தொலைபேசியில் பேசினார். கடல் ஊருக்குள் வருவதை அறிந்ததும், ஊரார் அந்த மையத்தின் ஒலிபெருக்கியிலேயே அறிவித்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர். இதில் நாம் கருத வேண்டியது யாது? அந்த ஒலிபெருக்கி ஆபத்துக்கென்று புதிதாக வைத்ததன்று. நாள்தோறும் உண்மை பேசிய குரல் அது. ஆதலால் அன்று 'ஓடுங்கள்' என்றபோது எவரும் ஐயுறவில்லை.

அரசின் செய்தி வந்து சேர நேரமே இல்லாத இடங்களும் உண்டு. சுமத்ராவுக்கு அருகே சிமெலூ என்னும் தீவு இருக்கிறது. நிலநடுக்கம் ஏற்பட்ட இடத்திற்கு மிக அண்மையில் உள்ளதால், சில நிமிடங்களில் அலை வந்துவிட்டது. அங்கே வாழ்ந்தவர் 70 ஆயிரத்துக்கும் அதிகம். பலியானோர் ஏழு பேர். எப்படி? 1907-ஆம் ஆண்டில் அத்தீவை ஒரு பேரலை அழித்தது. அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, நிலம் பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதைப் பாட்டாகவும் கதையாகவும் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். கடல்கோள் என்ற சொல்லை நாம் ஏட்டிலே வைத்துக் காத்தோம். அவர்கள், அது வரும்போது செய்ய வேண்டியதையும் சேர்த்து நாவிலே வைத்துக் காத்தனர்.

கருவிகள் பெருகிய பின்னரும் இந்த உண்மை மாறவில்லை. 2018 செப்டம்பர் 28-இல் இந்தோனேசியாவின் பாலு நகரை ஒரு பேரலை சில நிமிடங்களில் தாக்கிற்று. எச்சரிக்கை வெளியிடப்பட்டது, ஆனால் மின்சாரமும் தொலைபேசிக் கோபுரங்களும் வீழ்ந்துவிட்டமையால் பலருக்கு அது எட்டவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 22-இல், எரிமலையொன்றின் சரிவு கடலில் விழுந்து சுந்தா நீரிணையில் அலை எழுந்தது. பெரிய நிலநடுக்கம் முன்வராததால், அதற்கு எச்சரிக்கையே பிறக்கவில்லை. இன்று கைப்பேசிக்கு நேராகவே அபாய அறிவிப்பு அனுப்பும் முறை நம் நாட்டிலும் சோதிக்கப்பட்டுள்ளது. அது வரவேற்கத்தக்கதே. எனினும், ஒரே வழியை நம்பியிருத்தல் அறிவுடைமையாகாது. கைப்பேசி, வானொலி, அபாயச் சங்கு, கோயில் மணி, பள்ளிவாசலின் ஒலிபெருக்கி, தெருவில் ஓடும் இளைஞனின் குரல் ஆகிய யாவும் வேண்டும். அவை யாவும் ஒரே செய்தியைச் சொல்லவும் வேண்டும்.

மாணவர்களே, இதிலே உங்கள் பங்கு சிறிதன்று. 2004-இல் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில், பத்து வயதுடைய ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி, கடல் நுரைத்துப் பொங்கிய விதத்தைக் கண்டாள். சில நாட்களுக்கு முன் பூகோள வகுப்பில் படித்த பாடம் அவளுக்கு நினைவு வந்தது. பெற்றோரிடம் வற்புறுத்திக் கூறினாள், கரை காலியாயிற்று, அங்கிருந்தோர் பிழைத்தனர். தேர்வுக்காக மட்டும் படித்து மறந்துவிடும் பாடமாக அவள் அதனைக் கருதவில்லை.

கடலோரத்தில் வாழ்வோர் மூன்று அடையாளங்களை மறத்தலாகாது. நிற்க இயலாத அளவுக்கு அல்லது நெடுநேரம் நிலம் அதிர்தல். கடல் திடீரெனப் பின்வாங்குதல். கடலிலிருந்து பேரிரைச்சல் எழுதல். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், எந்த அறிவிப்புக்கும் காத்திராமல் மேட்டை நோக்கிச் செல்ல வேண்டும். முதல் அலையே கடைசி அலையன்று. ஆதலின், ஆபத்து நீங்கியது என்று அரசு அறிவிக்கும் வரை திரும்பலாகாது. உறுதி செய்யாத செய்தியைப் பிறருக்குப் பரப்பவும் கூடாது.

இந்துமாக்கடல் நாடுகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றுசேர்ந்து ஒத்திகை நடத்துகின்றன. ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாகி என்னும் இரு கடற்கரைக் கிராமங்கள் இத்தகைய பயிற்சியில் தேர்ந்து, 2020-இல் யுனெஸ்கோவின் ஏற்பைப் பெற்றன. தாம் செல்ல வேண்டிய வழி எது, நடக்க இயலாத முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார், அவரைத் தூக்கிச் செல்பவர் யார் என்பவற்றை அமைதியான நாளிலேயே வகுத்துக்கொள்வதே அப்பயிற்சியின் உயிர்நாடி. உங்கள் ஊரிலும் பள்ளியிலும் ஒத்திகை நடக்கும்போது, வகுப்பு நடவாத ஒரு நாள் என்று அதனை எண்ணிவிடாதீர்கள்.

அரசுகள் தமக்குள் உடன்படிக்கை செய்துள்ளன. அறிஞர்கள் கடலின் அடியிலும் காதுகளை வைத்துள்ளனர். செய்தி இப்போது கடலைக் கடந்து வருகிறது. அது கரையில் வாழும் ஒவ்வொரு குடிசைக்கும் வந்து சேர்ந்து, அங்கே உள்ளவர் எழுந்து நடக்கும்போதுதான் எச்சரிக்கை நிறைவு பெறுகிறது. அந்தக் கடைசி ஒரு மைலை எந்தச் செயற்கைக்கோளும் தனியே கடந்துவிட முடியாது. அதனைக் கடக்க வேண்டியவர்கள் நீங்கள். இன்று மாலை உங்கள் வீட்டிலுள்ளோரிடம் அந்த மூன்று அடையாளங்களையும் சொல்லி வையுங்கள்.